ஏழு பைகளும் மூன்று மா நிலமும்

பை வந்தால் ஆள் வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

என் கணவர் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் மூன்று தடவை நாற்பது நாள் லீவில் வந்தார். மற்ற ஏழு வருஷமும் அவருக்குப் பதிலாகப் பை வந்தது. ஊர் திரும்புகிற யாராவது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சோப்பு, பால்பவுடர் டின், கோடாலித் தைலம், நடுவில் மெத்தென்ற வெள்ளைத் துணி உறைக்குள் ஒரு தோல் கைப்பை. கூடவே கடிதம்: "உனக்காகவே வாங்கினேன்."

முதல் பைக்குப் பூரித்துப்போனேன். மூன்றாவது பைக்கு அழுதேன். அன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டேன், இந்த மனுஷர் ஒரேயடியாக ஊர் வந்து சேர்கிற வரைக்கும் ஒரு பையையும் தோளில் மாட்ட மாட்டேன் என்று. மாமி வெற்றிலையை மென்றுகொண்டே, "மாட்டிக்கிட்டுத்தான் எங்க போவப் போறே, ரேஷன் கடைக்கா?" என்றார்.

ஏழு பைகளும் பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தன. உறைகளை மட்டும் நான் சும்மா விடவில்லை. பைக்கு ஒரு பையா என்று சிரித்துவிட்டு, அவற்றில் விதை உளுந்து போட்டு வைத்தேன். நல்ல கெட்டித் துணி. கேட்டவர்களுக்கும் உளுந்தோடு சேர்த்துக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஊரையெல்லாம் விசாரித்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். எங்களுக்கு ஐந்து மா நிலம், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அதற்கும் கடலுக்கும் நடுவில் பக்கத்து நிலக்காரரின் மூன்று மா. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இறால் பண்ணைகள் கரையோரமாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நெல் விளைந்த இடத்தில் குளம் வெட்டி உப்புத் தண்ணீரை நிறுத்துவார்கள், அது பக்கத்து வயலுக்குள் ஊறும். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துபோனது. மறியல் நடந்தது, மனு போனது, போலீஸ் வேன் வந்தது. நிலம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. வாங்கிக் கொடுக்கிற தரகர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஆட்சி மாறினால் அவருடைய வேட்டியின் கரை மாறும், வண்டி மாறாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் வரப்பில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தரகன் திங்கக்கெழம முன்பணத்தோட வர்றேங்கிறான், தங்கச்சி. பொண்ணு கல்யாணத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"அதுல கொளம் வெட்டுனா என் வயலு என்னண்ணே ஆவும்?"

"அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்து நிக்கிறேன். ஞாயித்துக்கெழமக்குள்ள நீ முன்பணம் குடுத்துடு. மூணு மாவும் ஒனக்குத்தான். பாக்கிய அறுப்பு முடிஞ்சி பாத்துக்குவோம்."

நகை எப்போதோ நாத்தனார் கல்யாணத்தில் போய்விட்டது. வீட்டில் விலை போகிற சாமான் அந்த ஏழு பைகள்தான். பீரோவைத் திறந்து ஏழையும் கீழே இறக்கினேன். இவ்வளவு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தவை இப்போது வயலைக் காப்பாற்றப் போகின்றன என்று ஒரே குஷி.

தஞ்சாவூரில் ஓர் அம்மாள் மாடி வீட்டில் வைத்து ஃபாரின் சாமான் விற்கிறார், டாக்டர் வீட்டுப் பெண்களெல்லாம் அங்கேதான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். புதன்கிழமை முதல் பஸ். ஊர்க்கண் பட வேண்டாமென்று ஏழு பைகளையும் யூரியா சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டேன்.

"சாக்குல என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"பை."

"பைக்குள்ள?"

"ஒண்ணுமில்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மாடி வீட்டம்மாள் ஒவ்வொரு பையாக எடுத்து ஜிப்பை இழுத்தார், தையலைத் தடவினார், மோந்துகூடப் பார்த்தார். ஒன்றின் வாரை எலி கடித்திருந்தது. அதைத் தனியே தள்ளிவைத்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு அங்க என்ன வேலை?"

"டிரைவருங்க."

"இது ஒவ்வொண்ணும் அங்க கடையில அவரோட மூணு மாச சம்பளம் இருக்கும், தெரியுமா?"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் தருவதாகச் சொன்னது அதில் பத்தில் ஒரு பங்கு. அதோடும் விடவில்லை.

"உறை எங்க? கம்பெனி முத்திரை போட்ட துணி உறை இருக்குமே. அது இல்லாம குடுத்தா டூப்ளிகேட்டும்பாங்க. உறை இல்லன்னா பாதிதான்."

உறையில் உளுந்து இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை உறையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கும் எனக்கும் சண்டை. ஏழு மூன்று இருபத்தொரு மாதம் இந்த மனுஷர் வெயிலில் வெந்தது தோலாகிச் சாக்குக்குள் கிடக்கிறது. அதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? விற்றால் அவர் உழைப்பு தண்ணீராகப் போகும், விற்காவிட்டால் வயலுக்குள் உப்புத் தண்ணீர் வரும். இப்படியும் ஒரு புத்திகெட்ட ஆள் உண்டா, ஒரு வருஷம் பை வாங்கின பணத்தை அனுப்பியிருந்தால் அரை மா வாங்கியிருக்கலாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரிடம் கேட்காமல் விற்பதில்லை என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தரங்கம்பாடி எஸ்டிடி பூத்துக்கு ஃபோன் செய்வார்.

வியாழக்கிழமை முழுக்க உறை வேட்டை. இரண்டு எங்கள் வீட்டு உளுந்துப் பானையிலேயே இருந்தன. ஒன்று பொறையாறு வரை போய்விட்டிருந்தது. மாவு மில்லில் ஒன்று கிடைத்தது, நர்ஸம்மாவிடம் ஒன்று. பால்காரர் சைக்கிள் சீட்டுக்கு மாட்டியிருந்தார். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்மேல் உட்கார்ந்துகொண்டு அவர் ஊர் முழுக்கப் பால் ஊற்றியிருக்கிறார். அவரை நிறுத்தி, இறக்கி, உருவிக்கொண்டு வந்தேன். கடைசி உறை மாமியின் இடுப்பில். வெற்றிலைப் பை.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"வயலு போயிடும் மாமி!"

மாமி வெற்றிலை பாக்கை முந்தானையில் கொட்டிக்கொண்டு பையை நீட்டினார். சோடா போட்டு அவித்து, நீலம் போட்டு, கொடியில் ஏழையும் காயவைத்தேன். மாமியின் உறையில் சுண்ணாம்புக் கறை போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை பூத்தில் மணியடித்ததும் பாய்ந்து எடுத்தேன். மூன்று மா, உப்பு, தரகர், பை, விலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"வித்துடு புள்ள," என்றார்.

"ஒவ்வொண்ணும் மூணு மாச சம்பளமாமே மச்சான்! இவ்வளவு நஷ்டத்துக்கு எப்படி விப்பேன்?"

அவர் மெதுவாகச் சொன்னார். "நான் எங்க புள்ள வாங்குனேன்? லீவு கேக்குறப்பல்லாம் மேடம் இந்த வருஷம் முடியாதும்பாங்க. அலமாரியத் தொறந்து ஒரு பைய எடுத்து, இத உன் சம்சாரத்துக்கு அனுப்புன்னு குடுப்பாங்க. உண்மைய எழுதுனா நீ உடைஞ்சி போவேன்னுதான் வாங்குனேன்னு எழுதுனேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நஷ்டமே இல்லை! பூத்துக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "கார்டு தீரப் போவுது, வித்துடு," என்று அவர் சொன்னதோடு லைன் அறுந்தது. கடைத்தெருவில் பறக்காத குறையாக நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. அந்த மேடம் கொடுத்தது பை இல்லை, லீவுக்கு விலை. ஒரு வருஷத்துக்கு ஒரு பை. சிரிப்பு போய் எனக்கு அப்படியொரு ஆவேசம் வந்தது.

சனிக்கிழமை மாடி வீட்டம்மாள் உறைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பழைய விலையையே சொன்னார். ஃபோன் பேசிய கையோடு என்றால் சரி என்றிருப்பேன்.

"இல்லக்கா. இது ஒண்ணு ஒரு வருஷம். அந்த விலைக்குக் கட்டாது."

"என்ன சொல்றீங்க?"

"ஆறு வருஷத்த இந்தச் சாக்குல கொண்டாந்திருக்கேன். பாத்துப் போடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் சாக்கைக் கட்டிக்கொண்டு படியிறங்கியது புரிந்தது. மூன்றாவது படியில் கூப்பிட்டார், நான் நிற்கவில்லை. தெருவாசலில் மறுபடி கூப்பிட்டார். ஏறிப்போனேன். ஒன்றரை மடங்கில் முடிந்தது. சுண்ணாம்புக் கறை உறையையும் எலி கடித்த பையையும் அவர் தொடவே இல்லை. ஆறு பைகளுக்குக் கிடைத்ததை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தேன். அப்படி ருசித்த ஒன்றை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

அன்று சாயங்காலமே முன்பணம் அண்ணன் கைக்குப் போனது. திங்கட்கிழமை தரகர் வந்தார். "குடுத்தாச்சு," என்று அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஏதும்மா ஒனக்கு இவ்வளவு பணம்?"

"பை வித்தேன்," என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டு வண்டியை உதைத்தார்.

தை மாதம் அறுப்பு முடிந்தது. பாக்கியில் பாதியைத்தான் கட்ட முடிந்தது. மீதிக்கு, வேலையை முடித்துக்கொண்டு வருகிற பணத்தோடு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று என் கணவர் ஃபோனில் சொன்னார். இதே மாதிரி ஏழு தடவை கேட்டிருக்கிறேன். மேடம் அலமாரியில் எத்தனை பை மிச்சமோ!

மாசியில் ஒருவர் குவைத்திலிருந்து பெட்டி கொண்டுவந்தார். கூடத்தில் வைத்துக் கயிற்றை அறுத்தேன். மாமி வந்து பக்கத்தில் நின்றார். சோப்பு. பால்பவுடர். கோடாலித் தைலம். இரண்டு கைகளையும் விட்டு அடிவரை துழாவினேன். பெட்டியைக் கவிழ்த்தேன், தட்டினேன்.

"மாமி!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "மாமி, பை வரல!"

மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பீரோவைத் திறந்து, எலி கடித்த அந்தப் பையை எடுத்துத் துடைத்து, தோளில் போடப்போகிற நாளுக்காக ஆணியில் மாட்டினேன்.