இரண்டு பிள்ளைகளும் பத்துக் கிலோமீட்டரும்

மகன் பிறந்த பிறகு ஐந்து மாதம் நான் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஃபேரர் பார்க்கில் பதினோராவது மாடி எங்களுக்கு. மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவருக்குக் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். இரண்டு பிரசவமும் அறுவை. வேலையையும் விட்டிருந்தேன். காரணமே இல்லாமல் பகலில் அழுகை வரும். டவலை மடித்துக்கொண்டிருப்பேன், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும்.

மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தினமும் வெளிய போய் நடங்க" என்றார்.

"பிள்ளைங்கள யார்கிட்ட விடறது டாக்டர்?"

"விட வேணாம். தள்ளிக்கிட்டே நடங்க."

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் தள்ளுவண்டி ஒன்றைத் தேடினேன். புக்கிட் பாத்தோக்கில் ஒரு சீனக் குடும்பம் தங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கொடுக்க இருந்தார்கள். பெரிய சக்கரங்கள் மூன்று, கைப்பிடியில் பிரேக். இது ஓடுபவர்களுக்காகச் செய்த வண்டி என்று அந்த வீட்டம்மா விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். மாடிப்படி ஏறினாலே தையல் போட்ட இடம் இழுத்த காலம் அது.

காலை ஐந்தரைக்குக் காலாங் ஆற்றோரம் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. விரைவுச்சாலைப் பாலத்தின் அடியில் ஒதுங்குவதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இருநூறு மீட்டர் இருக்கும். பாலத்தடியில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் ஓடியிருக்கிறேன் என்பதே உறைத்தது. மகள் நனைந்த முகத்தோடு திரும்பிப் பார்த்து, "அம்மா, அகெய்ன்!" என்றாள்.

மழை விட்டதும் மறுபடியும் ஓடினோம்.

ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, ஸ்டேடியத்தில் தொடங்கி மரினா விரிகுடாப் பக்கம் போய்த் திரும்பும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தேன். தள்ளுவண்டியோடு வரலாமா என்று எழுதிக் கேட்டேன். வரலாம், கடைசிக் குழுவில்தான் கிளம்ப வேண்டும், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் நேரம் பதிவாகாது என்று பதில் வந்தது.

கணவருக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நீ மட்டும் ஓடிட்டு வாயேன்."

"மூணு பேராத்தான் பழகியிருக்கோம். மூணு பேராத்தான் ஓடுவோம்."

"கூட்டத்துல யாராச்சும் இடிச்சு வண்டி சாஞ்சிட்டா?"

"அதுக்குத்தான் கடைசியில விடறாங்க."

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஓட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை என்று தெரியவந்தது. இனி அவர் பார்த்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் ஓட்டத்துக்கான எண் அட்டையைச் சட்டையில் குத்தி வைத்தேன். ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்புமுன் அவர் குனிந்து உட்கார்ந்து மூன்று சக்கரத்துக்கும் காற்றடித்தார். அழுத்திப் பார்த்துவிட்டு, "பாத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் எங்கள் குழுவில் ஓடியவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்துவிட்டார்கள்.

"அம்மா, எல்லாரும் நம்மள தாண்டிப் போறாங்க லா!" என்றாள் மகள், இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே கடைசியில் ஒரு 'லா' சேர்த்து.

"போகட்டும். நாம நம்ம வேகத்துல போவோம்."

"நம்ம வேகம் ஸ்லோவா?"

"இப்போதைக்கு ஸ்லோ."

முதல் நான்கு கிலோமீட்டர் நினைத்த நேரத்துக்குள் முடிந்தது. அடுத்து வந்த பாலத்தின் ஏற்றத்தில்தான் சிரமம். சமதரையில் தானாக உருளும் வண்டி, ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளியது. உடம்பை முன்னால் சாய்த்து, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக ஏறினேன். உச்சியில் மகன் ஒரு காலணியைக் கழற்றி வீசினான். திரும்பிப் போய் எடுத்து வந்தேன். அடுத்ததையும் வீசினான். அதையும் எடுத்து இரண்டையும் வண்டிக்கு அடியிலிருந்த கூடையில் போட்டேன்.

ஆறாவது கிலோமீட்டரில் மகள் கால்களைப் பின்னிக்கொண்டு, "அம்மா, டாய்லெட்" என்றாள்.

"கொஞ்சம் அடக்கிக்க முடியுமா?"

"முடியாது."

தண்ணீர் கொடுக்கும் இடத்தருகே தற்காலிகக் கழிவறைகள் வரிசையாக நின்றன. உள்ளே வண்டி நுழையாது. மகன் அப்போதுதான் தூங்கியிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, முழங்காலில் பட்டை கட்டிய சீனப் பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து வேகமாக நடந்து வந்தார். கடைசிக் குழுவில் என் பக்கத்தில் நின்றவர். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. "நீ போ, நான் பிடிச்சுக்கறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

நல்லவர் என்று தோன்றியது. ஆனாலும் கதவை முழுவதும் மூட மனம் வரவில்லை. ஒரு காலால் கதவைத் திறந்தபடி வைத்து, ஒரு கையால் மகளைப் பிடித்து, கண்ணை வண்டியிலேயே வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நான் பார்க்கும்படியாகவே வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, அசையாமல் நின்றார். ஏழு நிமிடம் போயிருந்தது. நன்றி சொல்லி, அவருடைய நேரத்தையும் வீணாக்கிவிட்டதாக வருந்தினேன். தான் எப்போதும் நடக்கிற ஆள், தனக்கென்ன அவசரம் என்று கையை வீசி என்னை விரட்டினார்.

எட்டாவது கிலோமீட்டரில் ஓட்டத்துக்கு உதவ வந்த தொண்டூழியர் ஒருவர் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"தங்கச்சி, முடியாதவங்கள ஏத்திக்கற பஸ் பின்னாடி வருது. பிள்ளைங்களோட ஏறிக்கலாம்லா. ஸ்ட்ரோலர நாங்க தூக்கி வைக்கிறோம்."

"எவ்வளவு நேரம் இருக்குக்கா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம். இன்னும் ரெண்டு கிலோமீட்டர். கஷ்டம்லா."

"கஷ்டம்தான். முடியாதுன்னு இல்லையே?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கு முன்னால் போய், நடந்துகொண்டிருந்தவர்களை மணியடித்து ஒதுக்கினார். நான் ஓடினேன். பயிற்சியில்கூட அப்படி ஓடியதில்லை. அடிவயிற்றில் பழைய இடம் இழுத்தது. மகன் விழித்து வீறிட்டு அழ ஆரம்பித்தான். நிற்கவில்லை நான். இது யாருக்காக, பிள்ளையை அழவிட்டு இப்படி ஓடித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு கேள்வி மனதில் வந்தது. எனக்காகத்தான் என்று எனக்கே பதில் சொன்னேன். அந்தப் பதிலில் எனக்கு வெட்கம் வரவில்லை. மகள் தன் பிஸ்கட்டை உடைத்துத் தம்பியின் வாயில் திணித்தாள். அழுகை நின்றது.

எல்லைக்கோட்டைத் தாண்டியபோது ஒன்றே முக்கால் மணிக்கு மேல் ஒரு நிமிடமும் சில நொடிகளும் ஆகியிருந்தன. ஒரு நிமிடம். தரையில் விரித்திருந்த, ஓடுபவர்களின் நேரத்தைப் பதியும் பாயை இரண்டு பேர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் கொடுத்தார்கள், நேரம் வராது என்றார்கள். நான் வண்டியின் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மகள் இறங்கி வந்து பதக்கத்தைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பெரியவர் வரும்வரை காத்திருந்து, மூன்று பேரும் அவருக்குக் கை தட்டினோம்.

மதியம் வேலை முடிந்து கணவர் நேராக சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கழிவறைக் கதவைக் காலால் பிடித்த கதைக்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தோசையைப் பிட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"நான் இருந்திருந்தா அந்த ஏழு நிமிஷம் போயிருக்காது."

"போனது போகட்டும். அடுத்த வருஷமும் ஓடுவேன்."

"தெரியும். நான் இப்பவே லீவு சொல்லி வைக்கிறேன். ஆறாவது கிலோமீட்டர்ல நிக்கறேன்."

சொன்னபடியே அடுத்த ஆண்டு கையில் குடையோடு நின்றார். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு, மகள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். ஓடிப் பழக்கமில்லாதவர், சீக்கிரமே நின்றுவிட்டார். நாங்கள் நிற்கவில்லை. ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தோம்.