பிரேக்கம்மாவின் வலது கால்

தூக்கத்திலும் பிரேக் போடுகிற ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை என்று பிரேக்கம்மாவின் கணவர் சொல்வதுண்டு. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. உட்கார்ந்த இடத்தில் உறங்கும் வரம் பெற்றவர். மனைவியின் வலது கால் கட்டிலில் அவருடைய கெண்டைக்காலைத் தேடிப் பிடித்து அழுத்தும்போது மட்டும் விழித்து, "வண்டி நின்னுடுச்சு, காலை எடு" என்பார். மறுபடி உறங்கிவிடுவார்.

மனைவி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் கற்றுக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக். இந்த இரண்டாவது பிரேக்கின் மீது அவருடைய கால் கல்யாணமான புதிதில் ஏறியது. பிள்ளைகள் படித்து முடித்து வேலை கிடைத்துக் கிளம்பிப் போன பிறகும் இறங்கவில்லை. வட்டாரத்தில் அவருக்குப் பிரேக்கம்மா என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவரே போனை எடுத்து, "பிரேக்கம்மாதான் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் சொன்னவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவரிடம் வண்டி ஓட்டப் பழகிய ஒருவர்கூட, பழகும்போது எதன் மீதும் மோதியதில்லை. பழகி முடித்த பிறகுதான் மோதினார்கள்.

இந்த விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. முதலாளி கவனித்தார். பழைய முதலாளியின் மகன். பிரேக்கம்மா பார்க்க வளர்ந்தவர்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவம் வர்ற மாதிரி எதையோதான் சொல்லப் போறீங்க. சொல்லுங்க தம்பி."

"நம்ம ஆளுங்க லைசென்ஸ் டெஸ்ட்ல வரிசையா ஃபெயில் ஆகறாங்க. 'உங்க ஸ்கூல்லேர்ந்து வர்றவங்க பிரேக்கே போடறதில்ல, வண்டி தானா நிக்கும்னு நம்பறாங்க'ன்னு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுச் சிரிக்கறார்."

"இத்தனை நாளா தானாத்தானே நின்னுச்சு?"

"அதான்க்கா பிரச்சனையே."

பிரச்சனை புரிந்தது. அவருடைய மாணவர்கள் பாதி வண்டியைத்தான் ஓட்டினார்கள்; மீதிப் பாதியை அவருடைய கால் ஓட்டியது. எதிரே ஆள் தெரிவதற்குள், மாணவருக்குப் பயம் வருவதற்குள், அது அழுத்திவிடும். பயப்படவே வாய்ப்பில்லாதவன் எப்படி நிறுத்தக் கற்றுக்கொள்வான்?

முதலாளி பட்டறையில் சொல்லி இரண்டாவது பிரேக்கில் ஒரு பஸ்ஸர் மாட்டினார். கால் பட்டால் கத்தும். மாதக் கடைசியில் அவரே பின் இருக்கையில் உட்கார்ந்து வருவார். யாராவது ஒரு மாணவர் பஸ்ஸர் கத்தாமல் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பிரேக்கம்மா வண்டியை விட்டு இறங்கி, அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கலாம்.

"அங்க ஃபேன் இருக்குக்கா. வெயில் கிடையாது."

"ஃபேன் எங்க வீட்லயும் இருக்கு தம்பி. அதுக்காக நான் வீட்லயா உட்கார்ந்துட்டேன்?"

அந்த இருக்கை அவருக்கு வெறும் வேலை இல்லை. கை நடுங்க வருகிற ஒருத்தி, தானே சாவியைத் திருகி, தானே தெருமுனையில் திரும்பி, 'நான்தான் ஓட்டினேனா' என்று வாயைப் பிளக்கும் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

முடிவு அவர் செய்தது. காலைக் கேட்டுச் செய்ததல்ல. மறுநாள் பஸ்ஸர் கத்திய கத்தலில் தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. பழக்கடைக்காரர் வண்டியை வழிமறித்து, "ஆம்புலன்ஸ் ஓட்டக் கூடவா சொல்லித் தர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மருந்துக்கடைக்கு மாடியில் ஓய்வு யோகா என்று ஒரு பலகை தொங்குவதை அவர் பல வருடமாகப் பார்த்திருந்தார். திருப்பங்களில் மாணவர்களுக்கு அடையாளம் காட்ட அது உதவும். இப்போது படியேறினார்.

உள்ளே சுவரோரம் தடித்த உருளைத் தலையணைகள், மடித்த கம்பளிகள், மணல் மூட்டைகள். சில பேர் இவற்றின் மீது சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடந்தார்கள். சிலர் சுவரில் காலை ஏற்றிவிட்டு மல்லாந்திருந்தார்கள். ஏதோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவர்களைக் கரையேற்றிப் போட்டது போல இருந்தது. டீச்சர் அவரைவிட மிகவும் சின்னவள். ஒவ்வொரு சொல்லையும் தரையில் மெதுவாக இறக்கி வைப்பது போலப் பேசுவாள். முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, கண்மேல் துணி போட்டு, "இனிமே நீங்க எதுவும் செய்ய வேண்டாம்க்கா. உங்க பாரத்தை இதெல்லாம் தாங்கிக்கும்" என்றாள்.

பிரேக்கம்மா சிறிது நேரம் தாங்கவிட்டார்.

"டீச்சர், கஷ்டமான பயிற்சியெல்லாம் எப்போ வரும்?"

"இதுதாங்க்கா கஷ்டமானது."

"படுத்திருக்கறதா?"

"நீங்க இன்னும் படுக்கலையே. பாருங்க, கழுத்து தலையணையைத் தொடவே இல்ல. கால் எதையோ மிதிச்சுக்கிட்டு இருக்கு."

பிரேக்கம்மா துணியை விலக்கிப் பார்த்தார். வலது பாதம் முன்னால் நீண்டு, இல்லாத ஒன்றை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

ஓய்வு வராதவர்கள் பொதுவாக அதை விட்டுவிடுவார்கள். இவர் விடுகிற ரகம் இல்லை. ரிவர்ஸ் வராத மாணவனை ரிவர்ஸிலேயே நாளெல்லாம் சுற்ற வைப்பவர், தன்னையும் அப்படியே வைத்தார். பகல் உணவு இடைவேளையில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, கண்ணில் துணி போட்டுக் கிடந்தார். கடந்து போன போக்குவரத்துக் காவலர் கண்ணாடியைத் தட்டு தட்டென்று தட்டினார்.

"அம்மா! அம்மா! உயிர் இருக்கா?"

"இருக்குங்க. ஓய்வெடுத்துப் பழகறேன்."

"அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?" என்றார் காவலர். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கூடத்தில் சோபா திண்டுகளைப் பரப்பி அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியடைய முயன்றுகொண்டிருக்க, பக்கத்தில் கணவர் நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்தபடியே குறட்டை விட்டார். ஒரு பயிற்சியும் இல்லாமல் இந்த மனிதருக்கு வருவது தனக்கு வரவில்லையே என்ற எரிச்சலில் கொஞ்சநஞ்ச அமைதியும் போனது.

அப்போதுதான் அந்தத் தொழிலில் இருப்பவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை ஒன்று தோன்றியது. ஆடுகிற பொருளை அசையாமல் வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பெல்ட். கணவருடைய இடுப்பு பெல்ட்டை எடுத்து, வலது கணுக்காலை இடது கணுக்காலோடு சேர்த்து இறுக்கி மாட்டிவிட்டுப் படுத்தார். கால் நின்றது. வெற்றியின் இன்பத்தில் கண் லேசாகச் சொருகியபோது குக்கர் விசில் அடித்தது. பதறி எழுந்தவர் மேஜையோடு சேர்ந்து விழுந்தார். கணவர் கண்ணைத் திறந்து, மனைவி தரையில் கிடக்கும் கோலத்தையும் தன் பெல்ட் இருக்கும் இடத்தையும் பார்த்து, "இதுவும் யோகாவா?" என்றார்.

"பேசாம அவிழ்த்து விடுங்க."

மோவாயில் பிளாஸ்திரியோடு வகுப்புக்குப் போனார். கதையைக் கேட்ட டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

"கட்டிப் போட்டா அதுக்குப் பேரு ஓய்வு இல்லக்கா, கைது. கால் அழுத்தட்டும், தடுக்காதீங்க. அழுத்தறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க."

"என்ன நடக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க காலு."

பிறகு தயங்கிக் கேட்டாள்: "முன்னாடி ஏதாவது பெரிய விபத்து பார்த்திருக்கீங்களாக்கா? அந்த பயம் உள்ள தங்கியிருக்குமோன்னு..."

"விபத்தா? ஒண்ணுகூட இல்லம்மா. நடக்க விட்டாத்தானே?"

பார்ப்பது என்றதும் பிரேக்கம்மாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. பார்ப்பது அவர் தொழில். மாணவன் கண்ணாடியைப் பார்க்கிறானா, கியர் மாற்றும்போது கீழே பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் அவனை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். அந்த ஓரக்கண்ணை முதல்முறையாக உள்பக்கம் திருப்பினார்.

ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரமும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த வகுப்பில் தொடைமேல் மணல் மூட்டையோடு கிடந்தபோது கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அப்போது அகப்பட்டது. முதலில் மூச்சு நின்றது. பிறகு பல் இறுகியது. வயிறு கல்லானது. இதெல்லாம் ஆன பிறகுதான் பாதம் நீண்டது. இவ்வளவு நாளும் கடைசியில் வருகிற காலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் வருகிற மூச்சை யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த ஹாரனுக்கு மூச்சு நின்றபோது, நின்றது தெரிந்து, அதை வெளியே விட்டார். பாதம் பாதி வழியில் யோசித்தது. பிறகு திரும்பிவிட்டது.

"டீச்சர்! நின்னுடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் ஆழ்ந்த ஓய்விலிருந்த ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் தலையணையிலிருந்து உருண்டார்.

மாதக் கடைசி நெருங்கியது. எந்த மாணவரை ஓட்ட வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் டீச்சரே கேட்டாள்: "அக்கா, எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றீங்களா? ரொம்ப நாள் ஆசை."

உலகத்திலேயே நிதானமான பெண் ஓட்டினால் தனக்கு ஆபத்தில்லை என்று பிரேக்கம்மா கணக்குப் போட்டார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் டீச்சர் வேறு ஆளாகிவிட்டாள். தோள் காது வரை ஏறியது. ஆட்டோ ஒன்று எதிரே வந்தால் போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஏம்மா, மூச்சு விடு. ஸ்டியரிங் என்ன பாவம் செஞ்சது, அதோட கழுத்தை ஏன் நெரிக்கிற?"

"விடறேங்க்கா... விடறேன்... அய்யோ, மாடு!"

"மாடு நின்னுக்கிட்டு இருக்கு. நாமதான் போறோம்."

முதல் நாள்களில் பஸ்ஸர் கத்தாத தெரு இல்லை. வேறு ஆளை மாற்றிக்கொள்ளலாமே என்று முதலாளிகூடச் சொல்லிப் பார்த்தார். பிரேக்கம்மா கேட்கவில்லை. டீச்சரின் மூச்சு நிற்கும்போதெல்லாம் தன் மூச்சும் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதை விட்டுவிட்டுக் காத்திருந்தால், சற்றுத் தாமதமாக, சற்று முரட்டுத்தனமாக, டீச்சரின் கால் தன் பிரேக்கைத் தானே கண்டுபிடித்தது. அந்தத் தாமதத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது போன்ற கடினமான வேலையை அவர் அதுவரை செய்ததில்லை.

சொன்ன நாளில் முதலாளி பின் இருக்கையில் ஏறினார். சந்தைத் தெருவில் ஒரு கூடைக்காரி குறுக்கே இறங்கினாள், டீச்சர் நிறுத்தினாள். பள்ளிக்கூட வாசலில் ஊர்ந்தாள். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வந்தவனுக்கு வழிவிட்டாள். பிரேக்கம்மாவின் இரண்டு பாதங்களும் தரையில் தட்டையாக இருந்தன. பின்னாலிருந்து முதலாளி ஆச்சரியத்தில் ஒருமுறை கனைத்தார்.

பாலத்து இறக்கத்தில் முன்னால் போன செங்கல் லாரி திடீரென்று நின்றது. அதன் பின் விளக்கு எரியவில்லை. டீச்சர் அந்த நேரம் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேக்கம்மாவின் மூச்சு நிற்கவில்லை. பல் இறுகவில்லை. லாரியைப் பார்த்தார், டீச்சரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார், அழுத்தினார்.

பஸ்ஸர் கத்தியது. செங்கல்லை எட்டித் தொடக்கூடிய தூரத்தில் வண்டி நின்றது.

டீச்சரின் கண்ணில் நீர் தளும்பியது. "அக்கா, என்னால உங்க வேலை..."

"கண்ணைத் துடைம்மா, ரோடு தெரியாது." பிரேக்கம்மா பின்னால் திரும்பினார். "கத்திடுச்சு தம்பி. அழுத்தினது நான்தான்."

முதலாளி வெளிறிப்போய்ச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழுத்த வேண்டிய இடம்தான்க்கா. ஆனா பேச்சுன்னு ஒண்ணு இருக்கில்ல? கத்தக் கூடாதுன்னுதானே..."

"இருக்கட்டும். பேச்சுப்படி நான் இறங்கறேன்." கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் வந்தார். "பாதி வழியில வண்டியை விட முடியாது. நீங்க முன்னாடி வாங்க. உங்கப்பா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில்தானே?"

மறுக்க முடியாமல் முதலாளி முன்னால் ஏறினார். பிரேக்கம்மா பின் இருக்கையில் சாய்ந்து, கைப்பையை முதுகுக்கு அண்டைகொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் குறையில்லாமல்தான் ஓட்டினாள். ஆனாலும் சைக்கிளைப் பார்த்துப் பஸ்ஸர் கத்தியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்துக் கத்தியது. நிறுத்தி வைத்திருந்த வேனைப் பார்த்து நீளமாகக் கத்தியது.

"சார், அது நிக்குது சார்" என்றாள் டீச்சர்.

"தெரியுதும்மா" என்றார் முதலாளி. காலை எடுக்கவில்லை.

அலுவலக வாசலில் அவர் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்களே முன்னாடி உட்காருங்கக்கா. அந்தப் பஸ்ஸரை இன்னிக்கே கழட்டச் சொல்றேன்."

"வேண்டாம் தம்பி, அது இருக்கட்டும். நான் எப்ப அழுத்தறேன்னு எனக்குத் தெரியணும்."

அடுத்த வகுப்புக்கு வந்த பேக்கரிக்காரரின் மனைவி, சாவியை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். பிரேக்கம்மா தன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டார். பாதங்களைத் தரையில் வைத்து, ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டார்.

"வாம்மா. பயமா இருக்கா?"

"ரொம்ப இருக்குங்க மேடம்."

"நல்லது. அதை நீயே வச்சுக்கோ. இந்தத் தடவை நான் எடுத்துக்க மாட்டேன். சாவியைப் போடு."