முப்பத்து மூன்றாவது பெயர்

1. பெயர் கேட்டார்கள், சொன்னேன்

எங்கள் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வந்த அன்று நான் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தமடைக்கு அடுத்த ஊர், நடுநிலைப் பள்ளி. அங்கே நான் அலுவலக உதவியாளன். மணி அடிப்பது, கூட்டுவது, கடிதம் கொண்டு கொடுப்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

ஆறாம் வகுப்பு பார்வதி டீச்சர், ஓர் இலவச இணையப் பாடத்தளத்தில் பிள்ளைகளின் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும் அண்ணாச்சி. சும்மா உங்க பேரப் போட்டுக்கிடட்டா?"

எதற்கு என்று கேட்கக் கூச்சம். தலையாட்டினேன். தளம் பெற்றோரின் போன் நம்பர் கேட்டது. என்னுடையதையே கொடுத்தேன்.

2. டிசி

பத்து நாள் கழித்து என் போனுக்குச் செய்தி வந்தது: "உங்கள் பிள்ளை சுடலைமுத்து பின்னங்கள் பாடத்தை முடிக்கவில்லை." பிறகு தினமும் வந்தது.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். அடுத்த வாரம் அதிகாரி வருகிறார். வகுப்பில் எல்லோரும் முடித்திருந்தால்தான் பட்டியல் பச்சையாகும். இல்லாவிட்டால் பத்து கம்ப்யூட்டரும் வேறு பள்ளிக்குப் போய்விடும். முப்பத்திரண்டு பிள்ளைகளும் முடித்துவிட்டார்கள். சிவப்பாக நிற்பது என் பெயர் மட்டும்.

"பேர எடுத்துரலாமே சார்."

"பட்டியல் மேல போயாச்சுவே. இனி எடுக்கணும்னா டிசி குடுக்கணும். டிசி குடுக்கணும்னா நீரு இங்கன சேந்திருக்கணும். உமக்கு அட்மிஷன் நம்பர் இருக்கா?"

இல்லை.

"அப்ப டீச்சரே போட்டு முடிச்சிரட்டும் சார்."

"அது கள்ளத்தனம்லா! பிள்ளைங்கள்லாம் பாக்குதுவே. நீரே படிச்சுப் போடும்."

மறுநாள் பெற்றோர் கூட்டம். என் அப்பா அம்மா இப்போது இல்லை. அதனால் என் மனைவியை வரச் சொன்னார்கள். பீடி சுற்றும் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"வீட்லயும் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க" என்றார் டீச்சர்.

"நான் சொன்னா இவுக காதுல ஏறுதா டீச்சர்? நீங்களே ரெண்டு அடி போட்டுச் சொல்லிக்குடுங்க" என்றாள்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

3. அரை பீரியடும் கால் பீரியடும்

தொடர்ந்து ஐந்து விடை சரியாக வந்தால்தான் பாடம் முடியும். நடுவில் ஒன்று தப்பினால் முதலிலிருந்து. இரண்டில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஆறில் இரண்டு என்று போடுவேன். சிவப்பு வரும். ஒரு வாரம் இதுதான் நடந்தது.

பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை இசக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அரை பீரியட் போயாச்சு, மேல ஒரு கால் பீரியடும் போயாச்சு. மணியடிக்க எவ்வளவு இருக்கு?"

"பத்து நிமிஷம்."

"அப்ப போனது?"

"முக்கால் பீரியட்."

"அதைத்தான போடச் சொல்லுது!"

எங்கள் பீரியட் நாற்பது நிமிடம். பதினெட்டு வருடமாக அதைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

4. அதிகாரி வந்த நாள்

அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான்கு விடை சரி. ஐந்தாவது, மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும். நாற்பது இதற்கு வசப்படவில்லை. அதற்குப் பதில் பீரியட் அறுபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம், பத்து நிமிடம். திரும்பத் திரும்ப விரல் விட்டு எண்ணி, பைய இரண்டில் ஒன்று என்று போட்டேன்.

பச்சை. பிள்ளைகள் கத்தினார்கள்.

அப்போது சத்துணவு ஆயா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "ஏ சுடல, இன்னைக்கு மணி கிடையாதா? சோறு ஆறிப்போவுது!"

மதிய மணி தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மணியடிக்காமல் பள்ளியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அதிகாரி கேட்டார்: "மணி அடிக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப கடைசியாப் பாடம் முடிச்ச பையன்?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர்கள் எங்களுக்கே தங்கின. சாயங்காலம் எனக்குத் தளத்திலிருந்து ஒரு சான்றிதழும், மணி தவறியதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு மெமோவும் வந்தன. மெமோ கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதனால் எனக்கு நானே கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சும்மா என்று யார் பெயர் கேட்டாலும், கூச்சப்படாமல் எதற்கு என்று கேளுங்கள். கேட்காமல் போய் மாட்டிக்கொண்டால், மணியடிக்கும் கம்பியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்கு உட்காருங்கள்.

மெமோவுக்கு இப்படி விளக்கம் எழுதினேன்: "பத்தில் மூன்று பீரியட் தாமதம் ஆனது உண்மை. மன்னிக்கவும்."

தலைமையாசிரியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் சரி போட்டார்.