பதினாறு பாக்கெட் வைத்த பை

நான் ஆயாவாக வேலை பார்க்கும் பராமரிப்பு இல்லத்தில் அவளைப் பைக்காரம்மா என்றுதான் சொல்வோம். அவளுடைய கணவர் பக்கவாதம் வந்து மூன்று மாதமாக எங்களிடம் படுத்திருந்தார். தினமும் மூன்று மணிக்கு முதலில் பை உள்ளே வரும், அதன் பின்னால் அவள் வருவாள்.

பின்னல் சாமான் வைக்க அவளே தைத்த பை அது. தடித்த நீலத் துணி, உள்ளே மெத்தென்ற பருத்தி, வாயில் சுருக்கு நாடா, வெளியே மரப் பொத்தான்கள், உள்ளே ஊசிக்கு ஒன்று நூலுக்கு ஒன்று என்று பதினாறு பாக்கெட். தைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்றாம். தையலில் குறை கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன், கிடைக்கவில்லை. உள்ளே இருந்தவைதான் வெட்கக்கேடு. முக்கால் தொப்பி, ஒற்றைக் காலுறை, கையே முளைக்காத ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டர் பெரிய மகள் பிறந்தபோது ஆரம்பித்தது. இப்போது அந்த மகளுக்கே இரண்டு பிள்ளைகள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே இல்லை.

கட்டிலருகே உட்காருவாள். பையைத் துடைப்பாள், நூல்கண்டுகளை நிறம்வாரியாக அடுக்குவாள், வருகிறவர்களிடம் பாக்கெட்டுகளைத் திறந்து காட்டுவாள். கட்டிலில் கிடப்பவரை யாராவது விசாரித்தால், "அவரு அப்படியேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடி நூலுக்குத் திரும்புவாள். இரண்டு மகள்களையும் இப்படித்தான் வளர்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சின்னவள் ஒருமுறை வந்தபோது அதையே வாய்விட்டுச் சொன்னாள். எங்கள் காய்ச்சலுக்கு அம்மா கஷாயம் வைத்ததில்லை, போர்வை பின்ன ஆரம்பிப்பாள் என்று.

அவருக்கு வலது பக்கம் செயலில்லை. இடது கை மட்டும் ஓயாமல் அலையும். அலைந்து அலைந்து மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாயைப் பிடுங்கும். மூன்றாவது முறை பிடுங்கியபோது ரத்தம் வந்துவிட்டது. இன்னொரு முறை நடந்தால் கையைக் கட்டில் கம்பியோடு கட்டவேண்டியதுதான் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். கட்டிப்போட்ட கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு புண்ணாகும். அதற்கு முன்பே ஆள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பிறகு யாரையும் பார்க்கமாட்டார்.

அதனால் பைக்காரம்மாவிடம் ஒரு வேலை சொன்னேன். தடிமனாக ஒரு கையுறை, உள்ளங்கைப் பக்கம் உட்புறமாக நாலைந்து பொத்தான். விரல்கள் அதை நோண்டிக்கொண்டிருக்கும், குழாயை மறந்துவிடும். நர்ஸிடம் கெஞ்சிப் பத்து நாள் தவணை வாங்கினேன். அந்தப் பத்து நாளும் நாங்கள் ஆள் மாற்றி ஆள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பத்தாம் நாள் கையுறை வந்தது. முடித்தே விட்டாள். பிரமாதமான பின்னல். ஆனால் வலது கைக்கு.

"ஏம்மா, அவருக்கு ஆடுற கை எது?"

"இடது கைதாங்க்கா. அளவு எடுக்க விடாம ஆடிக்கிட்டே இருந்துச்சு. இந்தக் கை சும்மா கிடந்துச்சா, அதான் இதுல எடுத்தேன்."

இடது கையில் மாட்டினால் பொத்தான்கள் புறங்கைக்குப் போய்விடும். விரலுக்கு எட்டாத பொத்தான் எதற்கு? பிரித்துப் புதிதாகப் போடுகிறேன், இன்னும் பத்தே நாள் என்றாள். நர்ஸ் கையைக் கட்டும் துணிப்பட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

நான் பையை எடுத்து, ஊசி, கத்தரி, நூல் எல்லாவற்றையும் நாற்காலியில் கொட்டினேன். அவருடைய இடது கையை உள்ளே விட்டு, நாடாவை மணிக்கட்டில் தளர்வாக முடிந்தேன். கை சற்று நேரம் திகைத்தது. பிறகு ஒரு பாக்கெட்டுக்குள் விரல் போனது. அங்கிருந்து அடுத்தது. துணிக்கு மேலே பார்த்தாலே தெரிந்தது, வீடு மாறி வந்தவர் அறை அறையாகப் பார்ப்பதுபோல. ஒரு மணி நேரம் குழாய்ப் பக்கம் போகவில்லை.

"அக்கா, அழுக்காயிடும்."

"துவைச்சுக்கலாம்."

"எச்சில் எல்லாம் படும்க்கா. இன்னிக்கு எடுத்துட்டுப் போயிடுறேன், வேற ஏதாவது தச்சுக் கொண்டாரேன்."

"எடுத்துட்டுப் போ. அந்தம்மா கையைக் கட்டிட்டுப் போகட்டும்."

பையின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். உள்ளிருந்து அவர் இழுத்தார். அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மனைவிமார் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நோயாளியோடு பைக்கு மல்லுக்கட்டியவள் இவள் ஒருத்திதான். ஆனால் அவர் விடவில்லை. கண்ணைத் திறந்து, நேராக அவளைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார்.

அவள் விட்டுவிட்டாள். நர்ஸ் துணிப்பட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் திணித்துக்கொண்டு கிளம்பியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து அவர் முகத்தருகே குனிந்தாள்.

"மூணாவது பாக்கெட்ல தையல் கொஞ்சம் லேசா இருக்கும். பாத்து."

மூன்று மாதத்தில் அவரிடம் அவள் நேராகப் பேசி அன்றுதான் கேட்டேன். அதுவும் பையைப் பற்றி.