இத்தாவில் வாங்கிய மண்

கணவர் மௌத்தாகும் முன் வைத்த தேசி மரம், அந்த எலுமிச்சை, எங்கள் கடல் மணலில் வாடத் தொடங்கியது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்ததால் வெளியே போய் மண் பார்த்து வாங்க முடியவில்லை. அவருடைய கூட்டாளிக்கு ஃபோன் எடுத்தேன்.

"நீங்க யோசிக்காதீங்க தங்கச்சி, நல்ல வயல் மண் அனுப்புறன்" என்றார். வயல் மண் விலைக்கு ஒரு டிராக்டர் மண் வந்தது.

அதைப் போட்டதும் இலையெல்லாம் கருகியது. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே உப்பு.

இத்தா முடிந்து, இன்று முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஒரு பிடி மண்ணை நீட்டினேன்.

"காக்கா, இத நக்கிப் பாருங்க."

"கடக்கரையில எல்லா மண்ணும் உப்புத்தானே தங்கச்சி" என்றார். நக்கவில்லை.

கணவரை அடக்கிய அன்று கபுறில் அழுதழுது மூன்று பிடி மண் போட்டவர் இவர்தான்.

நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நல்ல மனிதர் யார் என்று சொல்ல வேண்டாம்.