மெமரியில் ஒட்டிய சந்தனம்

என் மகள் ஒன்பதாவது படிக்கையில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினாள். திருநின்றவூரில் ரிப்பேர் கடை வைத்திருந்த என் தம்பி பழைய பாகங்களைக் கொடுத்திருந்தான். காக்களூர் கம்பெனியில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா மாமனாண்டயே திருப்பிக் குடுத்துடு. ஊட்டுல எடம் இல்ல" என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை. "யம்மா, பொட்டிக்கு மட்டும் பொட்டு வெய்யி. உள்ள போற சாமான் எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள். அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் வைத்தாயிற்று. பேப்பரில் பரப்பிக் கிடந்ததை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. சீப்பு மாதிரி நீளமாக ஒரு பச்சைத் தகடு, ஓரத்தில் தங்க நிறம். அதுதான் முகம் என்று நினைத்துச் சந்தனம் தடவினேன். கதவுச் சத்தம் கேட்டதும் பயந்து முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அன்றே எல்லாவற்றையும் பூட்டி, விண்டோஸ் ஏற்றுகிற சிடியைப் போட்டாள். ஃபைல் காப்பி ஆகவில்லை என்று பாதியில் நின்றது. மறுபடி போட்டால் வேறொரு ஃபைல் பேரைச் சொல்லி நின்றது. சில தடவை திரை முழுக்க நீலம். சிடியை மாற்றினாள், ஒயரை மாற்றினாள்.

"இன்னாடி, ஊட்டுலயே கடல் காட்டிகினு கீற?" என்றார் அவர்.

"சும்மா இரு நைனா. நானே பேஜாருல கீறேன்."

நான் சோறு வடிப்பதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு காலை தம்பி போனில், மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்க்கச் சொன்னான். அந்தப் பச்சைத் தகடுதான் மெமரியாம். தேய்த்ததும் வெள்ளை ரப்பர் மஞ்சளானது. மகள் அதை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாது அது?" என்று அவர் கேட்டார்.

"அழுக்கு நைனா."

மத்தியானத்துக்குள் இன்ஸ்டால் முடிந்துவிட்டது. மாமன் கைராசி என்றார் அவர்.

சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நைனா திட்டும்னுதான சொல்லாம இருந்த? நான் சொல்ல மாட்டேம்மா" என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

அவ்வளவு கண்டுபிடித்தவளுக்கு அது மட்டும் பிடிபடவில்லை. அவர் திட்டு எனக்குப் பழகிப்போனது. நான் ஐந்தாவதோடு நின்றவள். உனக்கு ஒன்றும் தெரியாதும்மா என்று அவள் வாயிலிருந்து வந்துவிடுமோ என்றுதான் அத்தனை நாளும் பேசாமல் கிடந்தேன்.