வீசா முடிந்தது, இத்தா முடியவில்லை

என் புருஷன் மவுத்தாகி அடக்கம் செய்த பதினோராம் நாள், கல்முனையில் இருந்து ஏஜென்சிக்காரர் வந்து திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்தார். புருஷன் போனால் பெண் வெளி ஆண்களுக்கு முன்னால் வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில், நான் வெள்ளை உடுத்து இந்தப் பக்கம் இருந்தேன்.

"ராத்தா, வீசா மூணு மாசத்துக்குத்தான். அதுக்குள்ள பிளேன் ஏறணும்."

"எனக்கு இத்தா நாலு மாசமும் பத்து நாளும் தம்பி."

"அவசரத்துக்கு நடுவுல எழும்பிப் போகலாம் ராத்தா. எத்தின பேர் போயிரிக்காங்க."

"அவங்கட கதை எனக்கு வேணாம்."

"இது போனா இப்படி ஒரு இடம் கிடைக்காது."

"கிடைக்காட்டிக் கிடக்கட்டும்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சத்தம் ஓய்ந்த பிறகுதான் அழுதேன். அவர் கேட்க அழ எனக்கு இஷ்டமில்லை.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் என் பெயரை மட்டும் எழுதுவேன். இதையும் நான் சொல்ல மகள் நிஸாதான் எழுதுகிறாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். எங்களுக்கு இருந்தது ஓலைக் கொட்டில். நிஸாவுக்குப் பதினேழு நடந்தது. புருஷனுக்கு நெஞ்சு வருத்தம் என்பதால் வெளிநாட்டு மெடிக்கலில் அவர் தேறவில்லை. "அப்ப நான் போறன்" என்றேன். ஆண் துணையில்லாமல் பெண் போவதா என்று ஊரில் கதைத்தார்கள். கதைத்தவர்கள் வீடு கட்டக் கல் ஒன்றும் கொண்டுவந்து தரவில்லை.

இடம் தேடித் தந்தவள் என் மச்சி சபியா. என் புருஷனின் தங்கை, என் வயதுக்காரி. நாலு வருடமாக ரியாத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த, வயதுபோன ஒரு மூத்தும்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊர் திரும்ப, அதே வேலைக்கு நான் போவதாகப் பேச்சு. அவளைப் புருஷன் விட்டுப் போயிருந்தான். மகள் றிஸ்னாவை இரண்டு வயதில் நற்பிட்டிமுனையில் தன் ராத்தாவிடம் விட்டுப் போனவள். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. உம்மாவின் முகம் போட்டோவில்தான் தெரியும்.

பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்கப் போனபோது என் புருஷன் ஸ்டூடியோக்காரனுக்கு முன்னால் சொன்னார்: "கொஞ்சம் சிரிச்சாப்போல இரி புள்ள. இந்த முகத்தப் பாத்தா அரபி வீசாவத் திருப்பி அனுப்பிருவான்." அனுப்பவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை வீசா குத்தி வந்தது. இருபதாம் நாள் காலை வயலுக்குப் போனவர் வரம்பில் விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

என் உடன்பிறந்த மூத்த ராத்தா வந்து நேராகவே கேட்டா.

"மகளுக்கு வீடு குடுக்கப் போறியா, இத்தாவக் குடுக்கப் போறியா?"

உலகத்தில் என் புருஷனுக்கு நான் கொடுக்க மிச்சமாக இருந்தது அந்த நாலு மாதமும் பத்து நாளும்தான். அதில் பாதியை வெட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நிஸாவின் முகத்தைப் பார்க்கும்போதோ நெஞ்சு வெடித்தது. அவள் ஒரு நாளும் வீட்டைப் பற்றிக் குறைப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சபியாவுக்கு நிஸாவைக் கொண்டு காயிதம் போட்டேன். "வேறு ஆளைப் பார்க்கச் சொல்லு. எனக்காக நிற்காதே. நீ உன் நாளுக்கு வந்து பிள்ளையைப் பார்." அவ்வளவுதான். உதவி என்று ஒரு எழுத்தும் இல்லை. நான் மனிதரிடம் கேட்டுப் பழக்கமில்லாதவள். பின்னேர அஸர் தொழுதுவிட்டு முஸல்லாப் பாயில் இருந்து அல்லாஹ்விடம் மட்டும் கேட்டேன். துஆவுக்கு அரபு தெரியாது. தமிழில்தான் கேட்டேன். "யா றப்பே, என்ட இத்தாவையும் காப்பாத்து, என்ட மகள்ட வீட்டையும் காப்பாத்து. எப்படி எண்டு நீ பாத்துக்க."

ஹஜ் பெருநாள் வந்து போனது. சபியாவும் வரவில்லை, பதிலும் வரவில்லை. முஹர்ரம் பிறந்தது. வீசா முடிந்தது. அன்று பாஸ்போட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். முத்திரை அப்படியேதான் இருந்தது. செல்லாது, அவ்வளவுதான். "நீ கேக்கல்லியா றப்பே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பிறகு பயந்து, பிழை பொறுக்கச் சொல்லித் தவ்பாச் செய்தேன்.

பத்து நாள் கழித்து, ரியாத்தில் இருந்து லீவில் வந்த ஒரு பெண் ஒரு கஸட்டைக் கொண்டுவந்து தந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவை வாங்கிப் போட்டோம். சபியாவின் குரல். முதலில் கொஞ்ச நேரம் அழுகைதான். பிறகு:

"மச்சி, உன்ட காயிதம் கிடைச்சி. பெரிய ராசாத்தி ஹுக்கும் போடுறா, 'வேற ஆளப் பாரு, நீ வந்து சேரு' எண்டு! மவுத்தானது உனக்குப் புருஷன் எண்டா எனக்குக் கூடப்பிறந்த காக்கா இல்லியாடி? என்ட காக்காக்காக நீ இருக்கிற இத்தாவ நான் நடுவுல எழும்ப உடுவனா? வீட்டுக்காரிக்கிட்டச் சொன்னன். அவ வேற ஆள் எடுக்கப் போறன் எண்டா. எடு, ஆனா உன்ட உம்மாவத் திருப்பிப் போடுற விதம், சோறு ஊட்டுற விதம் ஒண்டும் நான் பழக்கித் தர மாட்டன் எண்டன். சண்ட. மூத்தும்மா கட்டில்ல கிடந்து, என்னத்துக்குச் சண்ட எண்டு கேட்டா. என்ட அரபு உனக்குத் தெரியுந்தானே. 'இத்தா, இத்தா' எண்டு மட்டும் சொன்னன். அது விளங்கிட்டு அவக்கு. பொறகு மகளுக்குச் சொன்னா: மவுத்தான புருஷன உட்டுட்டு ஓடி வராதவ, என்னையும் உட்டுட்டு ஓட மாட்டா. அவ வரட்டும், நான் காத்திரிக்கன் எண்டு. புது வீசா எடுக்கிறாங்க. நீ வாற மட்டும் நான் இஞ்சதான். றிஸ்னாவ உன்ட வீட்டுக்கு எடுத்து வெச்சிக்க. உம்மா எப்ப வாற எண்டு கேப்பா. மாமிட இத்தா முடிய எண்டு சொல்லு."

கஸட் ஓடி முடிந்தது. ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவளும் உன்னப் போலத்தான், விசர் புடிச்சவ" என்றா. நான் அந்த இடத்திலேயே நெற்றி தரையில் படச் சுஜூதில் விழுந்தேன்.

சகோதரிகளே, நாலு வருடம் பிள்ளையைக் காணாத ஒரு தாய், வரும் நாளைத் தானாகத் தள்ளிப் போட்டாள். நான் கேட்கவில்லை. வராதே என்று சொல்லவும் இல்லை. வா என்றுதான் எழுதினேன். நான் துஆக் கேட்டபோதெல்லாம் ஏஜென்சிக்காரரின் மனம் இளக வேண்டும், வீசாவுக்கு நாள் கூட வேண்டும் என்றே நினைத்திருந்தேன். அல்லாஹ் அந்த வீசாவைத் தொடவே இல்லை. அது முடிந்தது முடிந்ததுதான். நான் கேட்க வெட்கப்பட்ட ஒருத்தியின் நெஞ்சில் போட்டு அவன் உதவியை அனுப்பினான்.

இத்தா முடியும் வரை றிஸ்னா என் பாயில்தான் படுத்தாள். முடிந்த அன்று காலை குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள், "மாமி, இனி உம்மா வருவாவா?" "ஓம் மகள்" என்றேன். அந்த 'ஓம்' போல நிறைந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

புது வீசா வந்து நான் போய்ச் சேர்ந்தபோது சபியா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். மகளைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "காக்காட மையித்த யாரு கழுவின?" என்றுதான் முதலில் கேட்டாள். கழுவிய ஆளில் இருந்து அடக்கிய இடம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். மூத்தும்மாவின் கட்டிலடியில் இருந்து இருவரும் அழுதோம். அந்த மனுஷி என் தலையில் கையை வைத்தா. மூன்று வருடம், அவ மவுத்தாகும் வரை, அவவைப் பார்த்தேன்.

நிஸாவுக்குக் கல்வீடு கட்டிக் கல்யாணம் முடித்தேன். முன்பு யாரிடமும் கேட்காத என் நிமிர்வே பெரிது என்று இருந்தேன். இப்போது பிறர் நீட்டும் கையைத் தட்டிவிடப் பயப்படுகிறேன். அனுப்பியது யார் என்று நமக்குத் தெரியாது.

உங்களுக்கும் ஒரு கதவு அடைபட்டிருந்தால் அவனிடம் கேளுங்கள். எப்படித் தர வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். துஆக் கேட்கும்போது சபியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வருத்தத்தோடு நற்பிட்டிமுனையில் இருக்கிறாள். நேரில் கண்டால் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சம்பளம் கிடைச்சிச்சி, நிண்டன்" என்பாள். நம்பாதீர்கள்.